வருமுன் உரைக்கும் தோழன்

பறவையைப் போல வானிற் பறக்க வேண்டும் என்னும் ஆவல் மனிதனுக்குப் பன்னெடுங் காலமாக இருந்து வந்துள்ளது. அவ்வாவல் இன்று நிறைவேறிவிட்டது. கடல்களையும் மலைகளையும் சில மணி நேரத்திற் கடந்து செல்லும் விமானங்களை நாள்தோறும் காண்கிறோம். ஆயினும், மனிதன் பறக்கக் கற்ற வரலாற்றில் வெற்றிகளுக்கு நிகராக வீழ்ச்சிகளும் இடம் பெற்றிருக்கின்றன. ஒவ்வொரு வீழ்ச்சியும் ஒரு பாடத்தைக் கற்பித்துச் சென்றது. அப் பாடங்களுள் ஒன்று, சிறு விமானங்களின் இறக்கை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் விரலளவுத் தகடு ஒன்றில் அடங்கியுள்ளது. அத் தகட்டைத் தம் கையாலேயே தம் விமானத்திற் பொருத்திய ஓர் ஆசிரியரின் அனுபவம் அறியத் தக்கது.

அதனை அறியுமுன், அத் தகடு ஏன் தோன்றியது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஜெர்மனி நாட்டில் ஆட்டோ லிலியந்தால் என்னும் பொறியாளர் இருந்தார். நாரைகள் பறக்கும் முறையைக் கூர்ந்து நோக்கிய அவர், பறவைகளின் பறத்தலைப் பற்றி 1889ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். பின்னர் மரக்கழிகளாலும் துணியாலும் இறக்கைகள் அமைத்து, அவற்றைத் தாங்கிக் குன்றின் சரிவில் ஓடிக் காற்றில் மிதந்தார். 1891 முதல் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 2000 முறை அவர் இவ்வாறு மிதந்து சென்றார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், ஸ்டோல்ன் என்னும் ஊருக்கு அருகில் அவர் மிதந்துகொண்டிருந்தபோது, திடீரென எழுந்த காற்று இறக்கையின் முன்புறத்தை மேல் நோக்கித் தூக்கிவிட்டது. இறக்கை அந்தரத்தில் ஒரு கணம் தயங்கி நின்றது. மறு கணம் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து நிலத்தில் வீழ்ந்தது. முதுகெலும்பு முறிந்த லிலியந்தால் மறுநாள் பெர்லின் நகரில் உயிர் துறந்தார்.

அவருடைய இறக்கை முறிந்துவிடவில்லை; துணி கிழிந்துவிடவும் இல்லை. பின்னர் அது ஏன் வீழ்ந்தது?

ஓடும் வாய்க்காலில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, முன்புறத்தைச் சற்றே உயர்த்திப் பார்த்தால், நீர் கையை மேலே தள்ளுவதை உணரலாம். மேலும் சற்று உயர்த்தினால் தள்ளுதல் மிகும். ஆனால், கையை மிகவும் நிமிர்த்திவிட்டால், நீர் கையின் பின்னே சுழித்துக் குழம்பும். மேலே தள்ளிய விசை குன்றிக் கையைப் பின்னுக்குத் தள்ளும் விசையே மிஞ்சும். காற்றிற் செல்லும் இறக்கைக்கும் இதுவே நேர்கிறது. எதிரே வரும் காற்றின் திசைக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள கோணத்தைத் தாக்குகோணம் என்பர். அக் கோணம் மிகுந்தோறும் இறக்கையைத் தூக்கும் விசையும் மிகும். ஆனால், அதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான சிறு விமானங்களில் ஏறத்தாழ 15 பாகை அளவில் அவ்வெல்லை வந்துவிடுகிறது. அதனைக் கடந்தால், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிச் சென்ற காற்று பிரிந்து சுழலத் தொடங்கும், தூக்குவிசை சட்டெனக் குறையும், விமானம் வீழும். இதனையே விமானிகள் ‘ஸ்டால்’ என்று கூறுவர். என்ஜின் நின்றுவிடுவதை இச் சொல் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. என்ஜின் முழு வலிமையோடு முழங்கிக்கொண்டிருக்கும்போதே இறக்கை தன் தூக்குவிசையை இழந்துவிடக்கூடும்.

லிலியந்தாலின் முடிவு பிறருடைய நெஞ்சைச் சுட்டது. அமெரிக்க நாட்டு ரைட் சகோதரர்கள் அதனை மறவாமல், விமானத்தின் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் பகுதியை இறக்கைக்கு முன்னே அமைத்தனர். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர்களுடைய விமானம் 12 விநாடி பறந்தது. அதன் பின்னர் விமானங்கள் பெருகின. இவ்வகை வீழ்ச்சிகளும் பெருகின. நிலத்தை நெருங்கி இறங்கும் வேளையில் இது நேர்ந்தால் விமானிக்குத் தப்ப வழியில்லை. இறக்கை தளர்வதற்குச் சற்று முன்னரே விமானிக்கு அறிவிக்கும் கருவி ஒன்று வேண்டும் என்று பலரும் எண்ணினர். லியோனார்டு கிரீன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அத்தகைய கருவியை உருவாக்கி, 1946ஆம் ஆண்டில் அதற்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். சிறு விமானங்கள் பலவற்றில் இன்றும் காணப்படும் எச்சரிக்கைத் தகடு அவ்வழியில் வந்ததே ஆகும்.

விமானங்களைப் பெருந்தொழிற்சாலைகளே செய்யும் என்று நாம் நினைக்கிறோம். வீட்டிலேயே விமானம் செய்துகொள்வோரும் உலகில் உள்ளனர். அமெரிக்காவில் இத்தகையோருக்காக 1953ஆம் ஆண்டில் பால் பொபெரெஸ்னி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் ஒரு சங்கத்தை நிறுவினார். இவர்கள் விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கைகளாலேயே, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. வேலை முடிந்த பின் அதிகாரி ஒருவர் விமானத்தைச் சோதித்து இசைவு அளிப்பார். அதன் பின்னரும், வழக்கமாக 25 மணி அல்லது 40 மணி நேரம், பயணிகள் யாரையும் ஏற்றிக்கொள்ளாமல், மக்கள் நெருங்கி வாழும் இடங்களை விட்டு விலகிப் பறந்து, விமானத்தின் இயல்புகளை எல்லாம் கண்டறிதல் வேண்டும்.

அந்த விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் இருவர் அமரக்கூடிய அலுமினிய விமானம் ஒன்றை அவர் செய்யத் தொடங்கினார். மாலை வேளைகளும் விடுமுறை நாட்களும் அதற்கே செலவாயின. அவருக்குப் பன்னிரண்டு வயது மகள் ஒருத்தி இருந்தாள். தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளைத் தந்தை ஒரு புறம் அடிக்கும்போது, மறு புறத்தில் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிப்பது அவளுடைய பணி. செய்த வேலை ஒவ்வொன்றையும் நாளும் பொழுதும் குறித்து ஒரு பதிவேட்டில் எழுதி, அதன் கீழ்த் தம் பெயரை எழுதுவது தந்தையின் வழக்கம்.

ஆறாம் ஆண்டில் விமானம் ஏறக்குறைய முடிவுற்றது. அப்போது, பக்கத்து விமானத் திடலில் நெடுங்காலம் பறந்து ஓய்வு பெற்ற முதிய விமானி ஒருவர் அதனைக் காண வந்தார். இறக்கையைத் தடவிப் பார்த்த அவர், “எச்சரிக்கை விசையை எங்கே பொருத்தப் போகிறீர்கள்?” என்று வினவினார்.

“அதனைப் பொருத்தும் எண்ணம் இல்லை, ஐயா. வீட்டிற் செய்யும் விமானங்களுக்கு அது கட்டாயம் அன்று. வேகத்தைக் காட்டும் மானி இருக்கிறது. நானும் கவனமாக இருப்பவன்தான்” என்றார் ஆசிரியர்.

முதியவர் புன்னகை செய்தார். “கவனம் இல்லாதவர்கள்தாம் விழுகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? உங்கள் விமானம் எந்த வேகத்திற் தூக்குவிசையை இழக்கும்?”

“மணிக்கு 80 கிலோமீட்டர்.”

“அது நேராகப் பறக்கும்போது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது? நீங்கள் கணித ஆசிரியர் அல்லவா? கணக்கிட்டுப் பாருங்கள்.”

ஆசிரியர் சுவரில் இருந்த கரும்பலகையிற் கணக்கிட்டார். அவ்வாறு திரும்பும்போது இறக்கை, விமானத்தின் எடையைப் போல் இருமடங்கு சுமையைத் தாங்க வேண்டும். ஆகவே, தூக்குவிசையை இழக்கும் வேகம் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகும். விடை 113 என்று வந்தது.

“இப்போது எண்ணிப் பாருங்கள்” என்றார் முதியவர். “இறங்கும் வேளை, ஓடுதளத்தைக் கடந்துவிட்டோம் என்று பதறிக் கூர்மையாகத் திருப்புகிறீர்கள். மானி 100 என்று காட்டுகிறது. எண்பதுக்கு இன்னும் இருபது இருக்கிறதே என்று உங்கள் மனம் ஆறுதல் அடைகிறது. இறக்கையோ அதற்குள் தளர்ந்துவிட்டது. மானி பொய் சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் தவறான வினாவைக் கேட்டோம். வேகத்தை அன்று, கோணத்தை அறிந்து சொல்லும் தோழன் ஒருவன் வேண்டும். உங்கள் கவனம் வேறிடத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே அவன் வேண்டும்.”

ஆசிரியர் கரும்பலகையில் இருந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளே விசைக்கு எழுதி அனுப்பினார்.

வந்து சேர்ந்த கருவி மிக எளியது. தடையின்றி மேலும் கீழும் அசையும் மெல்லிய உலோகத் தகடு. அதன் உட்புற முனையருகே சிறு மின்சுவிட்சு. இரண்டையும் தாங்கும் சட்டம். ஒலி எழுப்பும் ஊதுகுழல். இவற்றை இணைக்கும் மின்கம்பி. இவ்வளவே அதன் உறுப்புகள். ஆனால், அதன் தத்துவம் வியக்கத் தக்கது. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையில் மோதும் நீர் இருபுறமாகப் பிரிந்து செல்வது போல, இறக்கையின் முன்விளிம்பில் மோதும் காற்றும் ஓரிடத்தில் மேலும் கீழுமாகப் பிரிகிறது. காற்றுப் பிரியும் அவ்விடம் எப்போதும் ஒரே நிலையில் இராது. தாக்குகோணம் மிகுந்தோறும் கீழ் நோக்கி நகரும். தகடு முன்விளிம்பில் சற்றுத் தாழ்வாகப் பொருத்தப்படுகிறது. இயல்பாகப் பறக்கும்போது காற்றுத் தகட்டுக்கு மேலே பிரிகின்றது. ஆதலால் தகட்டின்மேற் படும் காற்றுக் கீழ் நோக்கி ஓடி அதனை அழுத்தி வைக்கிறது. கோணம் மிகும்போது பிரியும் இடம் தகட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது தகட்டின்மேற் படும் காற்று மேல் நோக்கிப் பாயும், தகடு உயரும், சுவிட்சு மூடிக்கொள்ளும், ஊதுகுழல் ஒலிக்கும். ஆபத்தை உண்டாக்கும் காற்றே அவ்வாபத்தை அறிவிக்கும் தூதனாகவும் ஆகிவிடுகிறது.

ஆசிரியர் இடப்புற இறக்கையின் முன்விளிம்பில் அளந்து குறியிட்டார். முடிந்த இறக்கையில் மீண்டும் துளையிடுவது எளிய செயல் அன்று. அத் தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கை தவறினால் பல மாத உழைப்பு வீணாகும். மூன்று முறை அளந்த பின்னரே துளையிட்டார். துளைகளை இணைத்து நீண்ட பிளவாக்கி, அதன் மூலைகளை அரத்தால் தேய்த்து வளைவாக்கினார். கூரிய மூலைகளிலிருந்தே தகடுகள் வெடிக்கத் தொடங்கும் என்பதை அவர் அறிவார். மின்கம்பி செல்லும் துளைகள் ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் பொருத்தினார்; இல்லையேல், விமானத்தின் அதிர்வால் உலோக விளிம்பு கம்பியின் உறையை நாளடைவில் அறுத்துவிடும்.

எல்லாம் முடிந்த பின் மின்சாரத்தைச் செலுத்தினார். உடனே ஊதுகுழல் அலறியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். தகட்டை உயர்த்தினால் ஒலி நின்றது. விட்டால் மீண்டும் அலறியது. சுவிட்சில் மூன்று முனைகள் இருந்தன. ஒன்று பொது முனை. மற்ற இரண்டில் ஒன்று அழுத்தினால் மின்னோட்டத்தை இணைப்பது. மற்றொன்று அழுத்தினால் மின்னோட்டத்தைத் துண்டிப்பது. கம்பியை அவர் மாற்றிப் பொருத்தியிருந்தார். சிரித்துக்கொண்டே அதனைக் கழற்றிச் சரியான முனையில் இணைத்தார். விரலால் தகட்டை உயர்த்தினார், ஊதுகுழல் ஒலித்தது. விட்டார், ஓய்ந்தது. பதிவேட்டில், ‘எச்சரிக்கை விசை பொருத்திச் சோதிக்கப்பட்டது’ என்று எழுதித் தம் பெயரையும் இட்டார்.

சில வாரங்களுக்குப் பின் விமானத்துக்கு வண்ணம் பூசினர். விசையைக் கழற்றி வைத்துப் பூசிய பின் மீண்டும் திருகிப் பொருத்தினர். ஆசிரியர் விரலால் தகட்டைத் தூக்கிப் பார்த்தார், ஊதுகுழல் ஒலித்தது. அவர் மனநிறைவோடு திரும்பினார்.

மகள் மட்டும் அங்கேயே நின்றாள். “அப்பா, காற்றுக்கு விரல் இல்லையே?” என்றாள்.

“அதனால் என்ன?”

அவள் ஒரு காகிதத் துண்டை எடுத்து, அதன் விளிம்பைத் தகட்டின் கீழ் வைத்து மெல்ல உயர்த்தினாள். தகடு சிறிது எழுந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. காகிதம் வளைந்தது. ஊதுகுழல் ஒலிக்கவில்லை.

ஆசிரியரின் முகம் மாறியது. பிளவின் விளிம்பிற் படிந்த வண்ணம் இடைவெளியைக் குறைத்திருந்தது. திருகுகளை இறுக்கியபோது சட்டமும் ஒரு நூலளவு சாய்ந்து, தகடு விளிம்போடு உராய்ந்தது. விரலின் வலிமை அவ்வுராய்வை எளிதில் வென்றுவிட்டது. ஆகவே குறை வெளிப்படவில்லை. வானில் அத் தகட்டைத் தூக்கப் போவது விரல் அன்று, மெல்லிய காற்று.

அன்றிரவு அவர் கொட்டகையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். முதலில் நேர்ந்த குறை கூவித் தன்னை அறிவித்தது. அதனால் தீங்கு விளையவில்லை. இக் குறையோ வாய் திறவாமல் இருந்தது. எச்சரிக்கை விசை இல்லாத விமானத்தில் விமானி தன்னைத் தானே காத்துக்கொள்வான். பழுதான விசை உள்ள விமானத்திலோ, ஊதுகுழல் ஒலிக்கவில்லை என்பதையே பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்வான். இல்லாத நண்பனைக் காட்டிலும் பேச வேண்டிய வேளையில் வாய்மூடும் நண்பன் கொடியவன் அல்லவா?

அவர் பதிவேட்டைத் திறந்தார். முன்பு எழுதிய வரியை அழிக்கவில்லை. அதன் கீழே, ‘சோதனை போதாது. வண்ணம் பூசிய பின் தகடு சிக்குவதை மகள் கண்டாள்’ என்று எழுதி நாளைக் குறித்தார். மறுநாள் பிளவை அரத்தால் அகலமாக்கி, சட்டத்தை நேராக்கி, திருகுகளை அளவாக இறுக்கினார். காகிதத் துண்டால் மகள் ஐம்பது முறை தகட்டை உயர்த்தினாள். ஐம்பது முறையும் ஊதுகுழல் ஒலித்தது.

அதிகாரியின் இசைவு கிடைத்தது, விமானம் பறந்தது. சோதனைப் பறத்தலின்போது, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், ஆசிரியர் என்ஜினின் வலிமையைக் குறைத்து விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்தினார். மானியின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. 82இல் ஊதுகுழல் ஒலித்தது. 80இல் விமானம் நடுங்கி மூக்கைக் கவிழ்த்தது. அவர் உடனே அதனை நிலைப்படுத்தினார். இரண்டு கிலோமீட்டர் இடைவெளி போதாது. எச்சரிக்கை வந்த பின் எண்ணிப் பார்க்கவும் செயற்படவும் நேரம் வேண்டும். கீழே இறங்கிச் சட்டத்தைச் சிறிது மேலே உயர்த்தினார். காற்றுப் பிரியும் இடம் மேலிருந்து கீழே நகர்வதால், மேலே உள்ள தகட்டை அது முன்னதாகவே கடந்துவிடும். மூன்றாம் முறை பறந்தபோது 90இல் ஊதுகுழல் ஒலித்தது. அந்நிலையிலேயே சட்டத்தை இறுக்கி வைத்தார்.

சோதனைப் பறத்தல் முடிந்து பல மாதங்கள் கழிந்தன. ஒரு மாலைப்பொழுதில் ஆசிரியர் தம் மகளுடன் திரும்பி வந்துகொண்டிருந்தார். மேலைச் சூரியன் கண்ணைக் கூசச் செய்தது. பின்னிருந்து வீசிய காற்று விமானத்தை எண்ணியதற்கும் அப்பால் தள்ளிவிட, ஓடுதளம் பக்கவாட்டில் விலகியது. அதனைப் பிடித்துவிட வேண்டும் என்னும் ஆவலில் அவர் விமானத்தை 45 பாகை சாய்த்துத் திருப்பினார். கை தன்னை அறியாமலே மூக்கை உயர்த்தியது. மானி 100 என்று காட்டியது. அந்தச் சாய்வில் அவ்விமானம் 95இலேயே தூக்குவிசையை இழந்துவிடும் என்பதை அக் கணத்தில் அவர் நினைக்கவில்லை.

ஊதுகுழல் ஒலித்தது.

அவர் மூக்கைத் தாழ்த்தினார், இறக்கைகளை நேராக்கினார், என்ஜினுக்கு முழு வலிமையும் கொடுத்து மேலே எழுந்தார். மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அமைதியாக இறங்கினார்.

“அப்பா, அது நாம் பொருத்திய விசைதானே?” என்று கேட்டாள் மகள்.

“ஆம் அம்மா. நீ காகிதத்தால் உயர்த்தினாயே, அதே தகடுதான்” என்றார் தந்தை. அன்று பதிவேட்டில் அவர் நடந்ததை நடந்தவாறே எழுதினார். தம் தவற்றையும் மறைக்கவில்லை.

தம் திறமையில் நம்பிக்கை கொள்வது நன்றே. ஆனால், அத் திறமை தவறும் கணம் ஒன்று வரக்கூடும் என்று முன்னதாகவே உணர்ந்து, அக் கணத்தில் தம்மைத் தடுக்கும் குரலைத் தாமே அமைத்து வைத்துக்கொள்வது அதனினும் நன்று. அக் குரல் இனிமையாக இராது. நாம் விரும்பும் வேளையிலும் ஒலியாது. பெற்றோரிடமிருந்தும், ஆசிரியரிடமிருந்தும், இடித்துரைக்கும் நண்பரிடமிருந்தும் அது எழலாம். ஒரு சிறுமியின் எளிய வினாவாகவும் வரலாம். அது தடையின்றி ஒலிக்குமாறு வழியைத் தூய்மையாக வைத்திருப்பதும், ஒலித்தவுடன் செவி சாய்ப்பதும் அறிவுடையோர் கடமையாகும்.